குளோரியாவின் இடது குரல்நாண்

ஸ்கேன் ஜெல்லியை வெந்நீரில் வைத்து மிதமாகச் சூடாக்கிய பிறகுதான் கழுத்தில் தடவுவேன். பெங்களூர்க் குளிரில் அது சில்லென்று பட்டால் யாருக்கும் உடம்பு தூக்கிப்போடும். என் கை முரட்டுக் கை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. விசாரணைக் குழு கேட்காவிட்டாலும் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் ஸ்கேன் சென்டர் சிவாஜிநகரில். வருகிறவர்களில் முக்கால்வாசி கர்ப்பிணிகள். பிள்ளைத் தலையையும் தொடை எலும்பையும் அளந்து அளந்து எனக்கு அலுத்துவிட்டது. குரல்நாண்கள் அசைவதை ஸ்கேனில் ஆராயலாம் என்று ஒரு மருத்துவப் பத்திரிகையில் படித்தபோதுதான் உயிர் வந்தது. வயதான ஆண்களுக்குத் தொண்டைக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு ஏறி உள்ளே ஒன்றும் தெரியாது. இளம் பெண்களுக்குப் பளிச்சென்று தெரியும்.

1999 ஜூனில் குளோரியா வந்தார். முப்பத்திரண்டு வயது. ஜீவனஹள்ளியில் ஆசிரியை, சர்ச் பாடகர் குழுவில் முதல் குரல். இரண்டு மாதமாகத் தொண்டை கம்மியிருந்தது. உள்ளே குழாய் விட்டுப் பார்ப்பார்களோ என்று பயந்திருந்தவர், வெறும் ஸ்கேன்தான் என்றதும் நிம்மதியாகப் படுத்துக்கொண்டார்.

முதல் நாளே பார்த்துவிட்டேன். தைராய்டின் இடப்பக்கம் நெல்லிக்காய் அளவில் கட்டி. ஓரம் ஒழுங்கில்லை, உள்ளே புள்ளி புள்ளியாகச் சுண்ணாம்பு. அது புற்றுக்கட்டி என்று படிக்கிற மாணவன்கூடச் சொல்வான். குரல்நாணுக்குப் போகும் நரம்பை அது தொட ஆரம்பித்திருந்தது. அதனால் இடது நாண் வலதைவிட ஒரு நொடிப்பொழுது பிந்தி அசைந்தது.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "டாக்டர், கிறிஸ்மஸ் சர்வீஸ்ல சோலோ எனக்குக் குடுத்திருக்காங்க. பாடலாமா?"

"தாராளமா பாடுங்க. டீச்சர் தொண்டைன்னா இப்படித்தான் இருக்கும்."

ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வரச் சொன்னேன். 'ஈ' என்று இழுக்கச் சொல்வேன், பிறகு பாட்டில் இரண்டு அடி பாடச் சொல்வேன். எல்லாவற்றையும் வீடியோ கேசட்டில் பிடித்தேன். அசையும் ஒரு குரல்நாண் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோவதை ஆரம்பத்திலிருந்து ஸ்கேனில் பதிவு செய்தவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை யாராவது உடைப்பார்களா?

செப்டம்பரில் அவர் கணவர் டெஸ்மண்ட், வேறு டாக்டரிடமும் காட்டலாமா என்று கேட்டார். ஆளுக்கு ஆள் மாற்றினால் குணமாகாது என்று தன்மையாக எடுத்துச் சொன்னேன். அக்டோபரில் தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது என்றார் குளோரியா. தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன். நவம்பரில் இடது நாண் அடியோடு நின்றுவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. அன்றே அறுவை மருத்துவருக்குக் கடிதமும் கொடுத்தனுப்பினேன், கடமை தவறவில்லை.

கட்டி மூச்சுக்குழாய்க்குள் புகுந்துவிட்டிருந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மார்ச்சில் இறந்துபோனார்.

ஏப்ரலில் டெஸ்மண்ட் வந்தார். அந்தப் பதிவுகளை வைத்து நான் எழுதிய மருத்துவக் கட்டுரையைப் பற்றித் தெரிந்து சண்டைக்கு வந்திருக்கிறாரோ என்று நினைத்தேன். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"டாக்டர், நீங்க எடுத்த கேசட்ல அவ பாடினது இருக்கும்ல? சின்னவ அம்மா குரலைக் கேக்கணும்னு அழுவுறா."

சத்தம் என் ஆராய்ச்சிக்குத் தேவைப்படவில்லை, அதனால் மைக்கைச் சொருகவே இல்லை. இருந்தாலும் போட்டுக் காட்டினேன். சாம்பல் நிறத்தில் இரண்டு கோடுகள் சேர்ந்து சேர்ந்து பிரிந்தன. இதுதான் பாடுகிற இடம் என்று சொன்னேன். அவர் சத்தமில்லாத அந்தத் திரைக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, அவளை விடாமல் பார்த்தது நீங்கள் ஒருவர்தான் என்று சொல்லிக் கைகூப்பினார்.

முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த அம்மாள் பிழைத்திருப்பார். அது எனக்கு அன்றைக்கே தெரியும், இன்றைக்கும் மறுக்கவில்லை. ஆனால் டெஸ்மண்ட் எனக்குக் கைகூப்பினார் என்பதையும் உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.