தோல் நீக்கிய கோதுமையும் வராத பதிலும்

பேச வா என்று அன்போடு அழைத்துவிட்டு, ஐந்தே நிமிடத்தில் இறங்கிவிடும் என்று காதோடு கண்டித்திருக்கும் தலைவர், பங்குத்தந்தை மாரூன் அவர்களே! முன்வரிசையை முழுதாய் முற்றுகையிட்டிருக்கும் மூத்தோரே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று அரைமனதோடு அமர்ந்திருக்கும் அன்னையரே! பெக்கா பள்ளத்தாக்கின் பனிக்காற்றில் கைகளைத் தேய்த்தபடி வாசலில் நிற்கும் வாலிபரே! இந்த அபூ தன்னூஸ் உங்கள் அனைவரையும் தலைதாழ்த்தி வணங்குகிறான்.

கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கும் இந்தத் திருவருகைக் காலம் என்றால் என்ன? மெழுகுவத்தியா? மின்விளக்கா? இல்லை! இருப்புக்கொள்ளாத காலம் அது! எழுந்து எழுந்து எட்டிப் பார்க்கும் காலம்! எப்போது, எப்போது என்று ஏங்கும் காலம்! (யாரங்கே, "எப்போ முடிப்பீரு" என்கிறது? அதைத்தானே ஐயா நானும் சொல்கிறேன், காத்திருப்பது கடினம் என்று!)

என் தம்பி மனைவி வதாத்தை நீங்கள் அறிவீர்கள். தம்பி காலமாகிவிட்டான். ஒரே மகன் நஸ்ரி சரக்குக் கப்பலில் சமையல்காரன். அவனிடமிருந்து ஏழு வாரமாக ஒரு பேச்சு இல்லை, ஒரு மூச்சு இல்லை. கப்பல் எங்கே என்று விசாரித்தால் ஆளுக்கொரு கடலைச் சொல்கிறார்கள்.

இந்த நிலையில் வந்தது பார்பரா திருநாள். கிறிஸ்துமஸ் குடிலின் முன்னே பச்சை நிற்க வேண்டுமே என்று நாம் தட்டில் ஈரப் பஞ்சு பரப்பிக் கோதுமை விதைக்கும் நாள்.

"வருஷாவருஷம் நஸ்ரிதான் விதைப்பான். எனக்குக் கை வரல அத்தான்" என்றாள் வதாத்.

சும்மா இருப்பேனா நான்? நான் தொட்டால் விறகுக்கட்டையும் துளிர்க்குமே! என் தோட்டத்துக் கத்திரிக்காயைக் காண சைப்ரஸிலிருந்து கப்பல் பிடித்து வந்தார்களே! (சிரிக்காதீர்கள். சின்னக் கப்பல்தான்.)

"நான் விதைக்கிறேன் வதாத். இது முளைச்சா நஸ்ரி வர்றான்னு அர்த்தம், எழுதி வச்சுக்க!" என்று வாய்வீச்சு வீசினேன்.

மூன்றாம் நாள் முளைக்கவில்லை. ஐந்தாம் நாளும் முளைக்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. மணிக்கு மூன்று முறை போய்ப் பார்த்தேன். வெயிலில் வைத்தேன், அடுப்பருகே வைத்தேன், தீர்த்தம் தெளித்தேன், திட்டியும் பார்த்தேன். எட்டாம் நாள் பஞ்சிலிருந்து புளித்த வாடை வந்தது. வதாத் குடிலிலிருந்து மரியாள், சூசை சுரூபங்களை எடுத்தாள், செய்தித்தாளில் சுற்றினாள், பெட்டியில் வைத்தாள்.

"கடவுள் சொல்லிட்டாரு அத்தான். என் பிள்ள வரமாட்டான்."

ஓடினேன் கடைக்காரர் கைசரிடம்.

"என்னய்யா, செத்த கோதுமைய வித்திருக்க?"

"எந்தக் கோதுமை அண்ணே?"

"பார்பராவுக்கு வாங்கினேனே, அதுதான்!"

"அட, அது திருநாளுக்குச் சோம்பும் திராட்சையும் போட்டுப் பாயசம் வைக்கிற கோதுமை! தோல் நீக்கினது! அதையா விதைச்சீங்க? அப்படியே வடிச்ச சோத்தையும் நட்டுப் பாருங்களேன்!"

நடுத்தெருவில் நின்றேன். என்ன செய்வேன்? பக்கத்து வீட்டில் பச்சைப்பசேலென்று முளைத்த ஒரு கோதுமைத் தட்டு இருந்தது. இரவல் வாங்கி மாற்றி வைத்தால் யாருக்குத் தெரியும்? அவளும் தேறுவாள், என் பெயரும் தப்பும். நாளை நஸ்ரி வராவிட்டால்? அந்தப் பொய்யையும் கடவுள் தலையில் அல்லவா கட்டியிருப்பேன்! கால் முன்னே போனது, பின்னே வந்தது. கடைசியில் வதாத்திடமே போனேன், உண்மையைச் சொன்னேன்.

"தோல் நீக்கின கோதுமையா?" என்றாள்.

"ஆமா."

"ஊருக்கே வெவசாயம் சொல்லிக்குடுக்கிற நீங்களா?"

"நானேதான்."

சிரித்தாள் வதாத்! ஏழு வாரத்தில் முதல் சிரிப்பு! சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தே அழுதாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"அப்போ கடவுள் மாட்டேன்னு சொல்லலியா?"

"அவரு இன்னும் ஒண்ணுமே சொல்லலம்மா. உளறினது நான்."

அன்பர்களே! பதில் வராததை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு நம்மில் எத்தனை பேர் பெட்டியைப் பூட்டினோம்? எத்தனை பேர் விளக்கை அணைத்தோம்? வானதூதர் மரியாளை மகிழச் சொன்னாரே, அப்போது பிள்ளை பிறந்திருந்ததா? தொட்டில் இருந்ததா? தங்க இடம் இருந்ததா? கையில் ஒன்றும் இல்லாதபோதே மகிழச் சொன்னார்! கவலை தீர்ந்தபின் வருவதற்குப் பெயர் நிம்மதி. கவலையின் நடுவே கதவைத் தட்டுவதற்குப் பெயர்தான் மகிழ்ச்சி!

நஸ்ரியிடமிருந்து இந்த நிமிடம் வரை தகவல் இல்லை. ஆனாலும் பெட்டி திறந்துவிட்டது, குடில் எழுந்துவிட்டது. மரியாளின் முன்னே வெறும் தட்டுதான். நல்ல விதை வாங்கி வருகிறேன் என்றேன். "வேணாம் அத்தான். வெறுமையாவே இருக்கட்டும். நாங்க காத்துக்கிட்டிருக்கோம்னு கடவுளுக்குத் தெரியட்டும்" என்றாள்.

இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறாள் வதாத். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளை அவளைத் தெருவில் கண்டால், "தகவல் வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். வந்தால் அவளே மாடியேறிக் கத்துவாள். நீங்கள் அவள் வீட்டுக்குப் போங்கள். உரிமையோடு பாயசம் கேளுங்கள். அந்த வெறும் தட்டின் முன்னே நின்று உரக்கப் பாடுங்கள். பிள்ளை வரும்வரை அந்த வீட்டில் பாட்டு நிற்கக் கூடாது!

ஐந்து நிமிடத்தை அரைமணியாய் நீட்டியும் என்னை அடிக்காமல் விட்ட அவைக்கு நன்றி. அடுப்பு நினைவில் தவிக்கும் தாய்மாருக்கு இருமடங்கு நன்றி. பிறக்கப்போகும் பாலகன் உங்கள் ஒவ்வொரு வாசலையும் தட்டுவாராக! வணங்கி விடைபெறுகிறேன்.