என் வாய்க்கட்டை அவிழ்க்கவிடாதவன்

நர்சிங் படிக்கும் அந்தப் பெண் என்னைக் கட்டிப்போட்டாள் என்று போலீஸ் புகாரில் பதிவாகியிருப்பது பொய். கட்டை அவிழ்க்கவிடாமல் என்னைப் போட்டு வைத்திருந்தவன் என் மகன்.

என்னை ரேடியோக்காரர் என்பார்கள். வயது எழுபத்து நான்கு. மகன் வீட்டு மாடியில், தெருவைப் பார்த்த அறையில் இருக்கிறேன். யாரிடமும் போய்க் கற்காமல் நானே பழகி ரேடியோ பழுதுபார்த்துப் பிழைத்தவன். பக்கவாதம் வந்ததால் வலது கையும் காலும் வராது. பேச்சு குழறும், புத்தி குழறாது. என் வாக்குமூலத்தை எழுதும் அதிகாரி இதைப் பதிய வேண்டும்.

மேற்படி பெண் காலையில் கல்லூரிக்குப் போய்விட்டு, மதியத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொள்ள வருவாள். கல்லூரிக் கட்டணமும் அறை வாடகையும் இந்தச் சம்பளத்தில்தான் கட்டினாள். சம்பவத்தன்று, மறுநாள் கட்டுப் போடும் செய்முறைத் தேர்வு என்றும், மற்ற பெண்கள் மதியத்தில் விடுதியில் ஒருவருக்கொருவர் கட்டிப் பழகுகிறார்கள், வேலைக்கு வந்துவிடுவதால் தனக்கு ஆள் இல்லை என்றும் சொன்னாள். நான்தான் சும்மா கிடக்கும் வலது கையைக் காட்டினேன். விரலிலிருந்து தோள் வரை கட்டினாள். அதன் பிறகு அவிழ்த்து, சுருள் தளர்ந்தால் மதிப்பெண் போய்விடும் என்று துணியை இறுக்கிச் சுருட்டி, மறுபடி கட்டினாள். அதன் பிறகு தாடைக்கட்டு பாக்கி என்றாள்.

"வாயக் கட்டிரட்டுமா தாத்தா? வீடும் கொஞ்சம் அமைதியா இருக்கும்."

"கட்டு நர்சம்மா. நீ பாஸானா சரி."

தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலைக்குக் கொடுத்துக் கட்டினாள். அந்தக் கதகதப்பில் கண்ணயர்ந்துவிட்டேன். அவள் வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போன நேரத்தில் மகன் ஆபீசிலிருந்து வந்து என்னைப் பார்த்தான். அவன் போட்ட சத்தத்தில் நான் விழித்தேன், அவள் ஓடி வந்தாள்.

"அண்ணா, நாளைக்கு எனக்குப் பரீட்சை. அதுக்குத்தான்..."

"பரீட்சைக்கு எங்கப்பாதான் கிடைச்சாரா?"

அவள் அவிழ்க்க வந்தபோது அவள் கையையும் என் இடது கையையும் தட்டிவிட்டு, போலீஸ் பார்க்கும்வரை எதையும் தொடக் கூடாது என்று சொல்லி, செல்போனில் படம் பிடித்தான். நான் கத்தினேன். வலியில் முனகுகிறார் என்று அதையும் பிடித்துக்கொண்டான். போலீசார் வந்து அவிழ்த்த பிறகு நடந்ததைச் சொன்னேன். "அப்பாவுக்கு நினைவு சரியில்ல சார்" என்றான். நான் சொன்னதை யாரும் எழுதவில்லை. அதன் பிறகு அவளை அழைத்துப் போனார்கள். மறுநாள் தேர்வு நடந்தபோது அவள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வழக்கு முடியும்வரை வகுப்புக்கு வரக் கூடாது என்று கல்லூரி சொல்லிவிட்டது.

அதன் பிறகு புகாரை வாபஸ் வாங்கும்படி மகனிடம் சொன்னேன். "வாங்கினா நான் பொய் சொன்னவனாயிடுவேன்பா" என்றான். "ஆயிட்டுப் போ" என்றேன். அதிகாரி நேரில் வரும்வரை சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டேன். இந்த முறை நானாகவே மூடியது.

கட்டிலுக்கு அடியில் உருண்டு போனதால் போலீசார் எடுக்காத கட்டுத்துணி ஒன்று என்னிடம் இருக்கிறது. இடது கையாலும் பல்லாலும் சுருட்டிப் பார்க்கிறேன். தளர்வாகத்தான் வருகிறது.

மகன் புகாரைத் திரும்பப் பெற வேண்டும். மறுத்தால், அதிகாரி இந்த வாக்குமூலத்தை வைத்து வழக்கை முடிக்க வேண்டும். கல்லூரி முதல்வர் அவளுக்குத் தேர்வை மறுபடி நடத்த வேண்டும். கட்டிக் காட்ட ஆள் இல்லையென்றால் என்னைத் தூக்கிக்கொண்டு போகலாம். அவளை இந்த வீட்டுக்குத் திரும்பக் கூப்பிட வேண்டாம். வர மாட்டாள்.

அதிகாரி எழுதியதைப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது நடந்தபடியே இருக்கிறது. வலது கை வராததால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன். அதற்குக் கீழே எழுதத் தெரியாதவர் என்று அதிகாரி எழுதக் கூடாது.