மகாராஜா கற்றுக்கொண்டது

உங்கள் வீட்டுக் குட்டி ஷூவைக் கடிக்கிறது என்று ரைட்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் சார், உள்ளே வரும்போது காதில் விழுந்தது. அதற்கு முதலில் ஒரு வழி சொல்லிவிடுகிறேன். இருக்கிற பழைய ஷூ ஒன்றை அதற்கென்று தூக்கிப் போட்டிருப்பீர்கள். எல்லாரும் செய்வதுதான். தப்பு அங்கேதான். பழசு, புதுசு என்பதெல்லாம் நமக்கு. நாய்க்கு இரண்டிலும் உங்கள் கால் வாசம்தான். பழையதைக் கடிக்கக் கொடுத்துவிட்டுப் புதியதைக் கடித்தால் அடிக்கிறோம். அது என்ன செய்யும், பாவம். ரப்பர் பொம்மை வாங்கிப் போடுங்கள்.

சரி, வந்த விஷயத்துக்கு வருகிறேன். என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு உங்கள் கான்ஸ்டபிள் ஃபேனை என் பக்கம் திருப்பினார், டீயும் சொன்னார். வெளியே பெஞ்சில் நந்தகுமார் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் ஒன்று சொல்லுங்கள். நாய் அவருடையது, அதனால் வழக்கும் அவர் மேல் என்று கேள்விப்பட்டேன். அவர் மேல் தப்பில்லை. இன்னொன்று, பேப்பரில் வெறிநாய் என்று போட்டுவிட்டார்கள். மகாராஜா வெறிநாய் இல்லை சார். நாமக்கல் ஜில்லாவில் அந்த அளவுக்குப் பழக்கிய நாய் இன்னொன்று இருக்குமா என்பதே சந்தேகம். இப்போது கூண்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பிறகு ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள் என்கிறார்கள். அது நடக்கக் கூடாது என்றுதான் வந்தேன்.

என் பெயர் கலையரசன். சேலத்தில் பி.காம் படிக்கிறேன், அஸ்தம்பட்டியில் ரூம். கைச்செலவுக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் நாய் பழக்குகிறேன். டாக்டர் வீடுகள் நிறைய. அங்கே நாய்க்குத் தனி அறை உண்டு, எங்கள் ரூமில் நாங்கள் நான்கு பேர். அப்பா தங்கமுத்துவுக்கு மோகனூர்ப் பக்கம் நந்தகுமாரின் கோழிப்பண்ணையில் வேலை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதே வேலை.

நந்தகுமாரிடம் ஒரு ஜோடி ராஜபாளையம் நாய் இருந்தது. இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்தவை. அதுகளையே சேர்த்துக் குட்டி எடுக்கப்போவதாகச் சொன்னார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். குட்டி எடுக்கிற யாருக்கும் முதல் பாடம் அது.

"ஒரே ரத்தம் வேண்டாங்க. குட்டி கொறையோட பொறக்கும்."

"காலேஜுல சொல்லிக்குடுத்தாங்களாக்கும். எங்க சொந்தத்துல எல்லாரும் மாமன் பொண்ணத்தான் கட்டறோம். நாங்க நல்லா இல்லையா?"

அவரைப் பார்த்துக்கொண்டே அதற்குப் பதில் சொல்வது சிரமமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

குட்டிகள் பிறந்து கண் திறந்து ஓடத் தொடங்கியதும் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளை நாய்களில் செவிடு அதிகம். காலால் தரையைத் தட்டிப் பார்க்காதீர்கள், அதிர்வில் திரும்பிவிடும். முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுங்கள். நான் தட்டினேன். எல்லாக் குட்டிகளும் திரும்பின. பால் மாதிரி வெளுப்பாக, ரோஸ் மூக்கோடு, எல்லாவற்றிலும் அழகாக இருந்த ஒன்று மட்டும் தீவனச் சாக்கைக் கடித்துக்கொண்டே இருந்தது.

இதை வாங்குகிறவரிடம் சொல்லிவிட வேண்டும். அதுதான் பொறுப்பு. செவிட்டு நாயைக் காவலுக்குக் கொடுக்கக் கூடாது, அதிலிருந்து குட்டியும் எடுக்கக் கூடாது. நந்தகுமார் நேராக அந்தக் குட்டியைத்தான் தூக்கினார். மகாராஜா என்று பெயர் வைத்தார். நாய்க்குப் பெயர் சின்னதாக இருப்பது நல்லது, கூப்பிடச் சுலபம். இதற்கு எப்படியும் கேட்கப் போவதில்லை, நஷ்டமில்லை என்று இருந்துவிட்டேன்.

பழக்குகிற வேலையை என்னிடம் கொடுத்தார். வாரக் கடைசியில் ஊருக்கு வரும்போது பழக்கினேன். செவிட்டு நாயைப் பழக்குவது நினைக்கிற மாதிரி கஷ்டமில்லை. அது நம் கையையும் முகத்தையுமே பார்த்துக்கொண்டிருக்கும். நந்தகுமார் "சிட்" என்பார். நான் அவர் பின்னால் நின்று உள்ளங்கையைக் கீழே காட்டுவேன். மகாராஜா உட்காருவான். அவருக்குச் சந்தோஷம் தாங்காது. முட்டை பொறுக்குகிற சென்னம்மாள் அக்கா என்னைக் கேட்டாள்.

"ஏண்டா கலை, நாயி இங்கிலீசுலயே பாஸாயிருச்சு. உனக்கு இன்னும் அரியராமா?"

"அது சும்மா உக்காந்தா பாஸுக்கா. நான் எழுதோணும்."

உண்மையை அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு முந்தின பொங்கல் லீவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெரிய விஷயம் இல்லை.

பண்ணையில் அப்பா கோழி எருவில் நின்று வேலை செய்வார். லுங்கியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினால்தான் அங்கே நிற்க முடியும். நந்தகுமார் கார் சத்தம் கேட்டால் மடிப்பை அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கிவிடுவார். ஓரம் எருவில் ஊறும். எல்லா ஆட்களும் அப்படித்தான். இறக்கு என்று நந்தகுமார் ஒரு நாளும் சொன்னதில்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அவருக்குச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

அன்றைக்கு அப்பாவுக்குச் சோறு எடுத்துப் போனேன். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தேன். நந்தகுமார் அங்கே நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அவ்வளவுதான். அப்பா வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்து, குனிந்து, என் லுங்கி மடிப்பைத் தன் கையாலேயே அவிழ்த்து இறக்கிவிட்டார்.

"சின்னப்பையனுங்க. வெவரம் பத்தாதுங்க."

"அட, உடு தங்கமுத்து" என்று நந்தகுமார் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன், ஏம்ப்பா என்று.

"மரியாதைதான் சாமி. நான் எங்க நெனச்சுச் செய்யறேன்? அவியளப் பாத்தா கையி தன்னால முடிச்சுக்குப் போயிருது."

தன்னால போயிருது என்றாரே, அதுதான் எனக்கு ஆச்சரியம். பழக்கத்தின் உச்சம் அது. அஸ்தம்பட்டியில் ஒரு லாப்ரடாரைக்கூட அந்த நிலைக்கு என்னால் கொண்டுவர முடிந்ததில்லை.

நந்தகுமாரும் ஒரு தடவை என் அப்பாவுக்கு முன்னால் வேட்டியை இறக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். கேட்டால் இறக்க மாட்டார். நாய் கேட்டால் இறக்குவார்.

பண்ணைக்குப் பின்னால் தென்னந்தோப்பில் மூங்கிலும் வைக்கோலும் வைத்து ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை செய்தேன். அதற்கு லுங்கி கட்டினேன். ஒரு கயிற்றை இழுத்தால் லுங்கி மேலே மடியும், விட்டால் இறங்கும். மடிந்தால் ஓடிப்போய் அந்த மடிப்பைக் கவ்வ வேண்டும். இறங்கினால் உடனே விட்டுவிட வேண்டும். விட்டதும் அவித்த முட்டை. கவனியுங்கள் சார், கவ்வியதற்கு நான் ஒரு நாளும் முட்டை கொடுக்கவில்லை, விட்டதற்குத்தான் கொடுத்தேன். அடித்ததும் கிடையாது. கொஞ்ச நேரம்தான் பழக்கவேண்டும், நாய் சலிப்பதற்குள் நிறுத்திவிட வேண்டும், நிறுத்தும்போது அது ஜெயித்திருக்க வேண்டும். உங்கள் குட்டிக்கும் அதேதான்.

யாருடைய லுங்கியா? அப்பாவுடையது. நீலக் கட்டம் போட்டது, பழசாகிக் கொடியில் கிடந்தது. வேறு யாரிடம் போய் நான் லுங்கி கேட்பது?

ஆபத்தில்லையா என்று கேட்டால், இல்லை. நான் பழக்குகிற நேரம் போக, மகாராஜா நந்தகுமாரோடுதான் வருவான், அவரோடுதான் போவான். நந்தகுமார் இருக்கிற இடத்தில் யார் லுங்கியும் மடிந்திருக்காது. அவரோ வீட்டிலும் வெளியிலும் பேண்ட்தான். ஆடிப் பெருக்கு அன்றைக்கு மட்டும் வேட்டி கட்டிக் காவிரியில் கும்பிட்டுவிட்டு, நாயையும் கூட்டிக்கொண்டு பண்ணைக்கு வருவார். வண்டியை விட்டு இறங்கியதும் வேட்டியை மடித்துக் கட்டுவார். கட்டினால் மகாராஜா கவ்வுவான். நான் பக்கத்தில் நின்று, வேட்டிய எறக்குங்க, உட்டுரும் என்பேன். எல்லார் முன்னாலும், அப்பா முன்னாலும் இறக்குவார். கொஞ்சம் ரத்தம், சில தையல். மரியாதை கற்றுக்கொள்ள அது அதிகமில்லை.

பதினெட்டாம் பெருக்குக்குக் காலை பஸ்ஸில் வந்தேன். பேண்ட் போட்டிருந்தேன். அப்பாவுக்குப் புது லுங்கி ஒன்று வாங்கி வந்தேன். அதே நீலக் கட்டம்தான், வேறு எடுத்தால் கட்ட மாட்டார். கொடுத்த உடனே கட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார்.

கொட்டகை வாசலில் தண்ணீர்க் குழாய் உடைந்து எருவெல்லாம் சேறாகிக் கிடந்தது. நந்தகுமார் இறங்கினார். நெற்றியில் சந்தனம், புது வேட்டி. சேற்றைப் பார்த்ததும் மடித்துக் கட்டினார். நான் மகாராஜாவைப் பார்த்தேன். அவன் அவரை ஒரு தடவை பார்த்தான். பிறகு ஒரு ஈயைப் பிடிக்கப் போனான்.

காரணம் எனக்கு உடனே புரிந்தது. சமையலறையில் உட்காரக் கற்றுக்கொண்ட நாய்க்கு வாசலில் உட்காரத் தெரியாது. இடத்தை மாற்றி, ஆளை மாற்றி, துணியை மாற்றிப் பழக்க வேண்டும். டாக்டர்கள் வீட்டில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். நானோ ஒரே பொம்மை, ஒரே லுங்கியில் பழக்கியிருந்தேன். சரி, அடுத்த ஆடிக்குள் வெள்ளை வேட்டியில் பழக்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நந்தகுமார் அப்பாவைப் பார்த்தார். அப்பா லுங்கியை இறக்கிவிட்டுச் சேற்றில் நின்றிருந்தார்.

"ஏன் தங்கமுத்து, நோம்பியும் அதுவுமா புது லுங்கியச் சேத்துல போட்டு இழுக்கற? மடிச்சுக் கட்டு."

"இருக்கட்டுங்க."

"அட, கட்டுப்பா. நானே கட்டிக்கிட்டுத்தான் நிக்கறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். புதுச்சட்டை போட்ட பிள்ளை மாதிரி ஒரு கூச்சம் முகத்தில். பிறகு குனிந்து லுங்கியைத் தூக்கி முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினார். அவர் முழங்காலை நந்தகுமார் அன்றைக்குத்தான் முதலில் பார்த்திருப்பார். எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடித்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், நாயைப் பார்க்கவில்லை.

மகாராஜா குரைக்கவில்லை. பொம்மையிடம் குரைக்க நான் கற்றுக்கொடுக்கவில்லை. நேராகப் போய் மடிப்பைக் கவ்வினான். வைக்கோலில் தொடை கிடையாது. அப்பாவுக்கு இருந்தது. அப்பா மல்லாந்து விழுந்தார். நந்தகுமார் "நோ", "ஸ்டாப்" என்று கத்தினார், இங்கிலீஷிலேயே. சென்னம்மாள் அக்கா முட்டை அட்டையால் நாயை அடித்தாள். நான் ஓடிப்போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கடைசியில் நந்தகுமார்தான் தன் வேட்டியை அவிழ்த்து நாயின் தலையில் போட்டு மூடினார். செவிட்டு நாய்க்குக் கண்ணையும் மூடிவிட்டால் உலகமே இல்லை, விட்டுவிடும். எனக்கு அது தெரியும். அவருக்கு எப்படித் தோன்றியதோ. மகாராஜா விட்டுவிட்டு உட்கார்ந்தான். முட்டைக்காகத்தான் உட்கார்ந்திருப்பான். அதே வேட்டியால் அப்பாவின் தொடையை இறுக்கிக் கட்டி, அவரே தூக்கிக் காரில் போட்டு ஓட்டினார். டவுசரோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்று டாக்டரைக் கும்பிட்டார். அப்பாவுக்காக நந்தகுமார் வேட்டியை அவிழ்த்ததை நான் பார்த்துவிட்டேன். அப்பா பார்த்தாரா என்று தெரியவில்லை. உள்ளே கொண்டுபோகும்போது உயிர் இல்லை.

லுங்கியை இறக்கிவிடு என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை சார். மகன் கடைசி வரைக்கும் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்று சென்னம்மாள் அக்கா எழுதிக் கொடுத்திருக்கிறாள். நந்தகுமாரும் அப்படியே சொல்லியிருக்கிறார், அதைச் சொல்லும்போது அழுதாராம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அப்பா கீழே விழுந்ததும் எதிரில் நந்தகுமார் நின்றார். அப்பாவின் கை தன்னால் முடிச்சுக்குப் போனது. அவிழ்த்திருந்தால் லுங்கி இறங்கியிருக்கும், மகாராஜா அந்த நொடியே விட்டிருப்பான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பழக்கியவன் நான். அதனால்தான் பிடித்தேன். நல்ல பலம் இருந்தது அப்பா கையில். "உடு சாமி, உடு" என்றார். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

நாயைக் கொன்றுவிடாதீர்கள். அது சொன்னதைச் செய்தது. அப்பாவைப் பற்றி எழுதும்போது ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், கேஸுக்கு வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. எங்கள் குடும்பத்தில் பண்ணைக்காரர் முன்னால் லுங்கியை இறக்காமல் செத்தவர் அவர் ஒருவர்தான். அந்த மரியாதையை அவருக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.