பீஸ் கட்டை

என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எங்கள் மாதா கோயில் பங்கில் எல்லோரும் சொல்வார்கள். இசைக்குறி எழுதுவதிலும் அப்படித்தான். என் கணவர் தோமினிக் முழு வாத்தியக்குழுவுக்கும் சேர்த்து ஒரே பெரிய தாளில் எழுதுவார். அதிலிருந்து முதல் வயலினுக்குத் தனி, செல்லோவுக்குத் தனி, குழலுக்குத் தனி என்று நான் பிரித்து எழுதித் தருவேன். கல்யாணமான வருஷத்திலிருந்து அதுதான் எங்கள் குடித்தனம். குழந்தை இல்லை. ஒரே மேசை, ஒரே மைக்கூடு.

கோயில் பாடற்குழு, நாடகங்கள், ராசிபுரம் பக்கத்துக் கச்சேரிகள் என்று எழுபதுகள் முழுக்க உழைத்தார். சென்னைக்குப் போய் இரண்டு முறை வெறுங்கையோடு சேலம் திரும்பினார். "இவ்வளவு வயலின் எதுக்கு?" என்று அங்கே கேட்டார்களாம். திரும்பி வந்தால் ஒரு வாரம் யாரோடும் பேசமாட்டார்.

எண்பத்து நான்கில் சிங்கப்பூரிலிருந்து அவர் தம்பி ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். டி.வி.யோடு இணைத்து, சுரங்களை எண்களாக அடித்தால் அதுவே வாசிக்கும்.

"இனிமே நீ விரல் நோக எழுத வேண்டாம் ரோசி," என்றார். "எந்த வயலின்காரன் கால்லயும் விழ வேண்டாம். இது குடிச்சிட்டு வராது, பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லன்னு லீவும் கேக்காது."

சிரித்தேன். மேசையில் நான் உட்காரும் பக்கத்தில் டி.வி.யை வைத்தார்.

சென்னைப் படக் கம்பெனி ஒன்று, ஈஸ்டருக்குள் அவர் இசை ஒன்றைப் பதிந்து அனுப்பச் சொல்லியிருந்தது. பிடித்தால் படம் கிடைக்கும். இந்த வயதில் இன்னொரு முறை யாரும் கேட்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

கரண்டு போனால் அந்த இயந்திரம் அடித்ததையெல்லாம் மறந்துவிடும். ஒரு பாகம் முழுதாக முடிந்த பிறகுதான் அவர் கேசட்டில் பதிந்து வைப்பார். அரைகுறையாகப் பதிவது அவருக்குப் பிடிக்காது. பாகம் முடியப் போகிறது என்பது கேட்டாலே எனக்குத் தெரியும். அப்போது வாசலுக்குப் போய் மெயின் பெட்டியில் பீஸ் கட்டையை உருவிவிடுவேன். சற்றுப் பொறுத்து மாட்டிவிடுவேன்.

"கரண்டா ரோசி?"

"ஆமாங்க. போயிருச்சு."

தலையில் கைவைத்து உட்காருவார். காப்பி கொடுப்பேன். "தாள்லயே எழுதிருங்களேன், நான் பிரிச்சுத் தரேன்," என்பேன். அவர் மறுபடியும் முதலிலிருந்து அடிப்பார். அப்படியே தவக்காலம் முழுக்கப் போனது. அவருடைய நல்லதுக்காகத்தான் செய்தேன். சலித்துப் போனால் தாளுக்குத் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் பக்கத்து வீட்டு விசைத்தறிக்காரர் மாரி வந்தார்.

"ஏனுங்க சார், பாட்டு எப்பவும் பாதியிலயே நிக்குதே?"

"கரண்டு போனா நான் என்ன பண்றது?"

"எங்க தறி ஓடிக்கிட்டுத்தானுங்களே இருந்துச்சு? உங்க ஊட்டுக் கரண்டு மட்டும் கோவிச்சுக்கிட்டுப் பொறந்த ஊட்டுக்குப் போயிருச்சாட்ட இருக்குதுங்க."

தோமினிக் சிரிக்கவில்லை. ஒயரில்தான் பழுது என்று நினைத்தார். அன்று மத்தியானமே பீஸ் கட்டையை உருவி என் கையில் கொடுத்தார். "நானே வந்து வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் மாட்டாத."

உள்ளே ஸ்டூல்மேல் ஏறி, ஒயர் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்.

"இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு மெதுவாக, "ரோசி, மெயின் பெட்டிகிட்ட யாராவது வந்தாங்களா?" என்றார்.

அவர் இன்னும் ஸ்டூல்மேல்தான் நின்றிருந்தார். ஒயர் கையில் இருந்தது. வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்தது. கட்டையை மாட்டினேன்.

கட்டையை உருவாமலே ஏறிவிட்டார், போயிருந்த கரண்டு திடீரென்று வந்துவிட்டது என்று போலீசிடம் சொன்னேன். கரண்டு அடிக்கடி போய் வரும் சேலத்தில் அதை யாரும் சந்தேகப்படவில்லை. வயலின்காரர்கள்தான் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். ஒருவரும் குடித்திருக்கவில்லை.

அவர் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அடுத்து அவர் கேட்கவிருந்த கேள்விக்கு நான் பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும். கட்டிய நாளிலிருந்து அவரிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.