பாகற்காயை எடுத்தது யார்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்யும். தம்புள்ளையில் வாங்கிய காய்கறியைச் சோதனைச் சாவடியில் கொட்டிக் காட்டி, மறுபடி அள்ளிக்கொண்டு மாத்தளை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

“அந்தப் பாகற்காய எடுத்தது நான்தான் அக்கா. இப்ப என்னைத் திருடின்னு எழுதியிருக்காங்க.”

நான் பையை மடிக்கு ஏற்றி உள்ளே தடவிப் பார்த்தேன். என் பாகற்காய் இருந்தது.

“கேக்காம ஏன்டி எடுத்த?”

“தோட்டத்தப் பத்தி புளொக் எழுதத் தொடங்கிட்டேன், நம்ம கொடி இன்னும் காய்க்கல. அதான் இன்டர்நெட்ல இருந்த படத்த எடுத்தேன். கீழ ‘நன்றி: இணையம்’னு போட்டேனே!”

“இணையம் என்ன உங்க மாமாவா? அவரா பந்தல் போட்டாரு?”

படம் என்று அப்போதுதான் விளங்கியது. அதுவும் பாதிதான்.

“இன்னைக்குள்ள பேர் போடாட்டி எல்லாருக்கும் சொல்லிருவாங்களாம். கொடி ஒருத்தரோடது, படம் புடிச்சது அவரு தங்கச்சி. ரெண்டு பேரும் சண்டைக்கு வாறாங்க. நான் யாரு பேரப் போட?”

“கொடி வச்சவரு பேர.”

“அப்ப கெமரா புடிச்சவங்க?”

“அதுவும் சரிதான்.”

பஸ் பலாபத்வல வந்தும் முடிவாகவில்லை. எனக்கு நாக்கு அரித்தது.

“கடைசியா யாரு பேரத்தான் போடப்போறீங்க, தங்கச்சி?”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“படம் புடிச்சவங்க பேர அண்ணே, ஒட்டுக் கேட்டவங்க பேர இல்ல.”