பேசாத படத்தில் அவன் சொன்னது

விம்பிள்டன் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"பேசாத படத்தில கதாநாயகன் உண்மையில என்ன சொன்னவன் எண்டு என்ரை மகளுக்குத் தெரியும், அக்கா."

"அவளுக்குக் காது கேளாதெல்லே?"

"அதாலதான். உதட்டைப் பாத்து இங்கிலிஷ் விளங்கிறதுக்குப் பள்ளிக்கூடத்தில பழக்கினவை. நேற்று ரீவியில பழைய அமெரிக்கப் படம். அவன் காதலியைக் கட்டிப்பிடிச்சு ஏதோ சொல்லுறான். 'நீ இல்லாமல் நான் இல்லை' எண்டு எழுத்தில வருது. நான் அழுறன், இவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்."

"ஏனாம்?"

"'என்ரை காலை மிதிக்கிறாய்' எண்டுதான் அவன் சொன்னவனாம். எழுதிக் காட்டினாள்."

அக்கா சிரிக்கவில்லை.

"இத்தினை வருசமா எத்தினை பேர் பாத்திருப்பினம்! காதுள்ள ஒருத்தருக்கும் கேக்கேல்லை. உன்ரை பிள்ளைக்குத்தானடி கேட்டிருக்கு."