பாலத்தில் நின்ற அறுநூறு பேர்

தோழர்களே, ஆண்டறிக்கையைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை சொல்லிடறேன்... டீ வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்.

ஒரு நாடு. பேரு வேண்டாம். உள்நாட்டுப் போர். ரெண்டு பக்கமும் ஒரே மொழி, ஒரே சாப்பாடு. அரசாங்கப் படையில அறுநூறு பேர் கொண்ட ஒரு பட்டாளத்துக்கு ஆத்துப் பாலத்தைக் காக்கிற வேலை. தினமும் காலையில பேர் வாசிக்கிறவர் இத்ரிஸ்னு ஒரு ஹவில்தார்.

ஒருநாள் ஒருத்தன் வந்து நின்னான். "ஐயா, அம்மா செத்துட்டாங்க, லீவு தர மாட்டேங்கறாங்க. நாலே நாள்ல வந்துடறேன்." இத்ரிஸ் இளகின மனசுக்காரர். "போயிட்டு வாடா, நான் பார்த்துக்கறேன்." மறுநாள் அவன் பேரைக் கூப்பிட்டப்போ பக்கத்துல நின்னவன் "உள்ளேன் ஐயா"ன்னான். நாம பள்ளிக்கூடத்துல செய்யலையா? அதேதான்.

போனவன் வரலை. அடுத்தவன் போனான், பொண்டாட்டிக்குப் பிரசவம். அப்புறம் பத்து பேர்... அப்புறம் காரணமே சொல்லாம நூறு பேர். ஆனா காலையில அறுநூறு 'உள்ளேன்' தவறாம வந்துச்சு. ஒருத்தன் குரலை மாத்தி மாத்தி பதினாலு பேருக்குப் பதில் சொன்னான். தலைநகரத்துல வரைபடத்தைப் பார்த்தாங்க. பாலத்துல அறுநூறு பேர் இருக்காங்களே, இன்னும் ஆள் எதுக்கு?

எதிரி வந்தான். பாலம் எவ்வளவு நேரம் தாங்குச்சு? நாப்பது நிமிஷம். செத்தவன் யாரு, முன்னாடியே போனவன் யாருன்னு ஏட்டைப் பார்த்துச் சொல்ல முடியலை. அடுத்த முகாம் கலைஞ்சது, அதுக்கடுத்ததும் கலைஞ்சது. எல்லா இடத்துலயும் இதே 'உள்ளேன்'தான். ஒரு வாரத்துல படையே இல்லை.

புதுசா ஒரு ஜெனரல் வந்தார், ஹம்தான்னு பேரு. பாலத்துப் பட்டாளத்துல மிச்சமிருந்தவங்களை நிறுத்திக் கேட்டார். "எத்தனை பேர்?"

அதிகாரிங்க சொன்னாங்க, "கிட்டத்தட்ட முழு பலம் ஐயா."

இத்ரிஸ் ஒரு அடி முன்னால வந்தார். "நாப்பத்தொண்ணு ஐயா."

"மத்தவங்க?"

"இருக்காங்கன்னு எழுதினது நான்தான்."

பொய்யா எழுதினா அங்க என்ன தண்டனை தெரியுமா? சுவத்தோரமா நிறுத்திச் சுடறது. ஆனா ஜெனரல் சுடச் சொல்லலை. "நாளைக்கும் நீயே பேர் வாசி. இல்லாதவனுக்காக எவனும் வாயைத் திறக்கக் கூடாது."

மறுநாள் அறுநூறு பேர் வாசிச்சார். நாப்பத்தொரு குரல். மத்ததெல்லாம் அமைதி. அந்த அமைதியை ஒரு ஆள் எழுதிக்கிட்டே வந்தான். அதுதான் பட்டியல். ஒவ்வொரு ஊருக்கும் ஆள் போச்சு. "ஓடினதுக்குத் தண்டனை கிடையாது, வா." இல்லாதவன் யாருன்னு தெரிஞ்சாதானே கூப்பிட முடியும்? அஞ்சாறு பேரா வந்தாங்க. ஒன்றரை வருஷம் ஆச்சு, பாலத்துக்குத் திரும்பறதுக்கு.

சரி... இப்போ நம்ம விசைத்தறிச் சங்கம். பதிவேட்டுல முன்னூத்திப் பன்னெண்டு பேர். நாற்காலியில எத்தனை? பேசிக்கிட்டே எண்ணிட்டேன், இருபத்தேழு. மூணு வருஷமா மாவட்டக் கமிட்டிக்கு 'பெருந்திரளான வருகை'ன்னு எழுதி அனுப்பினது யாரு? நான்தான். வெக்கமாத்தான் இருக்கு. வராதவங்க வீட்டுக்கு நாம போனோமா? எதுக்குப் போவோம், ஏட்டுலதான் வந்துட்டாங்களே. அடுத்த மாசம் வேலைநிறுத்தம். இந்த ஏட்டை நம்பி இறங்கினா நமக்கும் நாப்பது நிமிஷம்தான்.

செயலாளர், பதிவேட்டை எடுங்க. முன்னூத்திப் பன்னெண்டையும் வாசிங்க. அவங்கவங்க பேருக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பதில் வராத பேரை நான் எழுதிக்கறேன்... நாளைக்குக் காலையில அந்த வீடுகளுக்குப் போறோம்.